ஒருவாட்டி தூக்கிப் பாத்தது

ஏனுங் தம்பி, சாக்குல சுத்தி மடியில வெச்சிருக்கீங்களே, ராடுங்களா? நெனச்சேன். எந்த மிசினுது? பாக்குமட்டைத் தட்டு அடிக்கற மிசினா. அட, அதுக்கும் எண்ணெயில தள்ளற ஜாக்கி வந்துருச்சா இப்ப. கோடு விழுந்து எண்ணெ ஒழுகுதாக்கும். அப்ப குரோம் போடத்தான் கொண்டுட்டுப் போறீங்க. என்னிக்குத் தர்றேன்னாங்க?

நாளான்னிக்கா. சரித்தான்.

நாளான்னிக்குன்னா நாளான்னிக்கு இல்லீங்க, அத மனசுல வெச்சுக்கங்க. குரோம் போடறவங்க நாளு வேற, நம்ம நாளு வேற. நீங்க பாட்டுக்கு மிசின நிறுத்திப்போட்டு ஆளுகளுக்கு லீவு சொல்லிட்டு வந்திருப்பீங்க. அங்க போனா மொதல்ல பழைய குரோம எடுக்கோணும்பாங்க. எடுத்தா, சாணை புடிக்கோணும்பாங்க. புடிச்சா, எங்கெங்க ஏறப்படாதோ அங்கெல்லாம் டேப்பு ஒட்டோணும்பாங்க, கொழந்தைக்குச் சட்டை மாட்டறாப்ல. அப்பறம் தொட்டியில எறக்குவாங்க. எறக்குனா ஏறும், ஏறும், ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஏறும்னு நெனைக்கறீங்க? ஒரு தலமசுரு கனத்துல கால்வாசி. நான் சொல்லலீங்க, அவிங்களே பெருமையாச் சொல்றது. சரி, ஏறித் தொலைஞ்சுது, குடுத்துருவாங்களா? மாட்டாங்க. அடுப்புல வெச்சு வேக வெப்பாங்க. இரும்ப எதுக்குய்யா வேக வெக்கறீங்கன்னு கேட்டா, உள்ள காத்துப் பூந்திருக்குது, அது வெளிய போகலீன்னா ராடு பட்டுனு முறிஞ்சுரும்பாங்க. வெந்து, ஆறி, மறுக்கா சாணை புடிச்சு, அளவு பாத்து, அதுக்குள்ள நம்ம ஆயுசுல பாதி போயிரும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? என்ற மாப்பிள்ளை குரோம் கடைதானுங்க வெச்சிருக்காரு. ஒரே பொண்ணு, அவளக் குரோம் கடைக்காரருக்குத்தான் குடுத்தேன். இப்ப அந்தக் குரோமுனாலயே எம்பொண்ணு எங்கூடப் பேசறதில்லீங்க. பேத்தி பொறந்திருக்கறா. நான் இன்னும் மொகம் பாக்கல.

சிரிப்பு வருதுங்களா? வரும். ஒரு இரும்பு ராடுனால அப்பனும் மகளும் பேச்ச விட்டுட்டாங்கன்னா யாருக்கும் சிரிப்புத்தான் வரும். முழுசாக் கேட்டுட்டு, நாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க மூணாம் மனுசரு. எங்கூர்க்காரனுககிட்டச் சொன்னா, தலைய ஆட்டிட்டு அந்தப் பக்கம் போயி வேற பேசறானுக.

எம்பேரு பொங்கியண்ணனுங்க. திருச்செங்கோட்டுல ரிக்கு பொங்கியண்ணன்னா தெரியும். போர் போடற வண்டி, ஒரே வண்டிதான், ஆனா நம்முளுது. கர்நாடகா, ஆந்திரான்னு நம்ம வண்டி போகாத காடு இல்ல. ரிக்கு பொழப்பு என்னன்னு தெரியுமுங்களா? கோடையிலதான் பொழப்பு. கெணறு வத்தோணும், ஊர்க்காரன் கொடத்தத் தூக்கிட்டு அலையோணும், அப்பத்தான் நம்மளக் கூப்புடுவான். மழை பேஞ்சா எவன் போர் போடறான். அதனால கோடையில வண்டி ஒரு நாளு நின்னா, அந்த நாளு போனது போனதுதான். இதத்தான் நான் அந்த மனுசனுக்குத் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். அவருக்கு அது ஏறலீங்க.

மாப்பிள்ளை பேரு கிருபாகரன். நல்லவருதான். அதுல ஒண்ணும் குத்தஞ்சொல்ல முடியாது. குடி இல்ல, சீட்டு இல்ல, கடை உண்டு வீடு உண்டுன்னு இருக்கறவரு. எம்பொண்டாட்டி சாகறதுக்கு முந்தி அவதான் பாத்து முடிச்சா. நெதானமான பையன், நம்ம அம்மிணிய வெச்சுக் காப்பாத்துவான்னா. நெதானந்தான். பேசறதுக்கு முந்தி யோசிப்பாரு. யோசிச்சுட்டுப் பேசாமயும் போயிருவாரு. எனக்கு அது ஆகறதில்ல. நான் ஒரு கேள்வி கேட்டா உடனே பதிலு வேணும். கேக்கறதுக்கு முந்தியே வந்தா இன்னும் நல்லது.

அது கெடக்கட்டும். போன மாசிக் கடைசியில, வண்டி ராயச்சூருப் பக்கம் போகறதுக்குத் தயாரா நிக்குது. அங்க ஏஜெண்டு போர் போடற பாயிண்டா வரிசையாப் புடிச்சு வெச்சிருக்கறான், வா வான்னு தினமும் போனு. கெளம்பற நேரத்துல, வண்டியத் தரையில இருந்து தூக்கி நிறுத்துதே ஜாக்கி, அதுல ஒரு ராடு கோடு விழுந்துருச்சு. எண்ணெய அடைச்சு நிக்கற ரப்பர் சீல அறுத்துட்டு எண்ணெ பீச்சுது. வேற பக்கம் குடுத்திருக்கலாமுங்க. திருச்செங்கோட்டுலயே ஆளு இல்லாமயா. ஆனா மாப்பிள்ளை கடை இருக்கறப்ப வெளிய குடுத்தா நாலு பேரு என்ன பேசுவான்? மாமனாரே நம்பல, நாம எப்படி நம்பறதும்பான். அவரு நல்லதுக்குத்தான் குடுத்தேன். அத யாருமே நெனைக்கறதில்ல.

குடுக்கறப்பவே கேட்டேன், எப்ப மாப்பள கெடைக்கும்னு. கோடு ஆழமா இருக்குது மாமா, எடுத்துட்டு நெறையக் கட்டோணும், தொட்டியில மட்டும் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருக்கோணும், அப்பறம் அடுப்பு, சாணைன்னாரு. கொஞ்சம் கரண்டக் கூட்டி வெச்சா சீக்கிரம் ஏறாதான்னேன். ஏறும் மாமா, ஓரத்துல கருகிப் பொரி பொரியா ஏறும்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேசறது. மாப்பிள்ளை பாருங்க, அடக்கி வாசிக்கோணும். சரின்னு வந்துட்டேன்.

ஒரு ராத்திரி பொறுத்தேனுங்க. பொறுக்கலேன்னு யாரும் சொல்லப்படாது. அடுத்த நாளு மத்தியானம் ஏஜெண்டு போன் பண்ணி, அண்ணா நீங்க வர்றீங்களா, இல்ல வேற வண்டியக் கூப்புட்டுக்கட்டுமான்னான். எனக்கு ஒடம்பே கொதிச்சுருச்சு. பைக்க எடுத்துட்டு நேரா கடைக்குப் போனேன். போனா மாப்பிள்ளை இல்ல. மேகலாவக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாரு. அப்ப அவ முழுகாம இருந்தா, ஆரம்பம். ஸ்கேனு பாக்கப் போயிருந்தாங்க. கடையில ராசப்பன்னு ஒரு ஆளு, வேலைக்காரரு, எங்க வயசுதான் இருக்கும், அவரு மட்டும் தொட்டிகிட்ட உக்காந்திருந்தாரு.

தொட்டின்னா நீங்க பாத்திருப்பீங்களோ என்னமோ. குழி வெட்டி எறக்கியிருப்பாங்க. உள்ள காப்பித் தண்ணி நெறத்துல மருந்து. அதுக்குள்ள நம்ம ராடு தொங்குது. மேல புகை. ஒண்ணுமே தெரியாதுங்க. உள்ள என்ன நடக்குதுன்னு யாரு கண்டா? நமக்கென்ன தெரியும், ஏறுதா, ஏறலியா, எவ்வளவு ஏறியிருக்குதுன்னு? கரண்டு முள்ளு ஒண்ணு நிக்குது, அதப் பாத்துக்கிட்டு ராசப்பன் உக்காந்திருக்கறாரு. கேட்டா, ஏறுதுங்கன்னாரு. கோயிலுப் பூசாரி மாதிரி, உள்ள சாமி இருக்குது நம்புன்னா எப்படி.

சித்தெ தூக்கிக் காட்டப்பான்னேன்.

நடுவுல தூக்கப்படாதுங்க, ஓனரு வரட்டும்னாரு. ஓனருக்கே நான் மாமனாரப்பா, தூக்குன்னேன். கரண்ட நிறுத்துனா மேல மெல்லிசா ஒரு தோலு கட்டிக்கும், அதுக்கு மேல மறுக்கா எறக்குனா ஏறும், ஆனா ஒட்டாது, தூக்கிட்டா பூராவும் எடுத்துட்டு மொதல்ல இருந்துதான் போடோணும்னு என்னென்னமோ சொன்னாரு. எனக்கு அதெல்லாம் காதுல ஏறல. போன்ல ஏஜெண்டு சொன்னதுதான் ஓடிக்கிட்டு இருக்குது. தூக்கறியா, நான் தூக்கட்டுமான்னு சங்கிலியில கைய வெச்சேன். பயந்துட்டாரு மனுசன். கரண்ட நிறுத்திட்டுத் தூக்குனாரு. தண்ணி ஊத்திக் கழுவிக் காட்டுனாரு. ஈயம் பூசுன பாத்தரமாட்ட இருந்துச்சு. நல்லாத்தான் ஏறியிருந்துச்சு. எனக்கும் மனசு ஆறிப்போச்சு.

இன்னும் எத்தன நேரம்னேன். இன்னும் பாதிகூட ஆகலீங்க, ஆனா இப்ப இத மொதல்ல இருந்துன்னு மறுக்கா ஆரம்பிச்சாரு. மொதல்ல இருந்தா? மொதல்ல இருந்துன்னா எனக்கு இன்னொரு நாளு போகுமே. அப்படியே எறக்கு, ஒண்ணும் ஆகாது, ஓனருகிட்ட இதச் சொல்லி வீணா அவரு மனசச் சங்கடப்படுத்தாதன்னேன். எறக்கிட்டாரு. முள்ளு பழைய எடத்துல நின்னுச்சு. நானும் கெளம்பி வந்துட்டேன்.

இவ்வளவுதானுங்க நடந்தது. ஒருவாட்டி தூக்கிப் பாத்தது. நீங்களே சொல்லுங்க, பாத்தா கெட்டுப் போற பொருளு ஒலகத்துல உண்டா? இட்லிச் சட்டிய நடுவுல தொறந்து பாக்காத பொம்பள எங்கயாச்சும் இருக்கறாளா? இட்லி வேகாமயா போயிருது? நம்ம பொருளு, நம்ம காசுல வாங்குன ராடு, நாம பாக்கப்படாதா?

சரி, கேளுங்க.

ராடு வந்துச்சு. சும்மா சொல்லப்படாது, சாணை புடிச்சு வந்தப்ப மொகம் பாக்கலாம், அப்படி மின்னுச்சு. மாட்டுனோம், வண்டி ராயச்சூரு போச்சு. போயி மூணு பாயிண்டு போட்டிருப்பானுக, டிரைவரு போன் பண்றான். அண்ணா, குரோம் உரியுதுங்கறான். உரியுதுன்னா எப்படிடான்னேன். வெங்காயத் தோலாட்ட பொரப் பொரயா வருதுண்ணாங்கறான். அந்தத் தோலு சீலுக்குள்ள பூந்து கிழிச்சு, எண்ணெ பூராவும் கொட்டி, ஜாக்கி ஒரு பக்கம் எறங்கி, வண்டி சாஞ்சு நிக்குது. நல்லவேளை ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகல. அந்த ஏஜெண்டு நாயி அன்னிக்கே வேற வண்டியக் கூட்டியாந்துட்டான். கோடை போச்சுங்க. அந்த வருசப் பொழப்பே போச்சு. நான் இங்க போனக் கையில வெச்சுக்கிட்டு வெறும் வாசல்ல நடந்துக்கிட்டு இருக்கேன்.

இப்பச் சொல்லுங்க, கோவம் வருமா வராதா? யாரு மேல வரும்? போட்டவரு மேலதான வரும்?

டிரைவரு அந்த உரிஞ்ச குரோமத் தாள்ல மடிச்சுக் குடுத்து வுட்டிருந்தான். அதச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டே திரிஞ்சேன். பாக்கறவனுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். பாத்தியா, எம் மாப்பிள்ளை போட்ட குரோமு, நல்லாப் பாத்துக்கங்கன்னு. இது நடந்தது பங்குனியில. வைகாசியில எங்க ரிக்குக்காரரு ஒருத்தரு ஊட்டுக் கண்ணாலம். மண்டபம் பூரா ரிக்கு ஓனருகதான். மாப்பிள்ளையும் மேகலாவும் வந்திருந்தாங்க. அவளுக்கு வயிறு நல்லாத் தெரியுது. பந்தியில மாப்பிள்ளை உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருக்காரு, அவருக்கு ரெண்டு பக்கமும் ரிக்குக்காரனுக. நான் பரிமாறிக்கிட்டு இருந்தேன். ஒறமொறையில நாந்தான முன்ன நிக்கோணும்.

ஒருத்தன் கேட்டான், ஏனுங் கிருபா, நம்ம வண்டி ராடு ஒண்ணு இருக்குது, எப்ப கொண்டாரட்டும்னு. எனக்குப் பத்திக்கிச்சுங்க. சாம்பாரு வாளியக் கீழ வெச்சேன். பையில இருந்து அந்தத் தாள எடுத்து, பிரிச்சு, குரோமுத் தோல அவரு எலையில வெச்சேன். சோத்துக்குப் பக்கத்துல.

"இதையும் தின்னுப்போட்டுப் போ. நீ போட்டதுதான்"னேன்.

நீன்னுட்டேன். வந்துருச்சு. எங்க பக்கத்துல மாப்பிள்ளைய அப்படிப் பேசறதில்லீங்க. வயசுல சின்னவரா இருந்தாலும் வாங்க போங்கதான். தெரியும் எனக்கு. ஆனா கோடை போனவன் வாயில மரியாதைய எங்க போயித் தேடறது? அதுக்கு மேல நாலு வார்த்தையும் பேசிட்டேன். தொழிலு தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்தேன், எம்பொண்டாட்டி கண்ண மூடிக்கிட்டுப் பாத்த எடம்னு. செத்தவள எதுக்கு இழுத்தேன்னு தெரியல. பந்தியில இருந்தவனுக அத்தன பேரும் வாயில வெச்ச சோத்த முழுங்காம பாக்கறானுக.

மாப்பிள்ளை என்ன பண்ணுனாரு தெரியுமுங்களா? கோவமே படல. அந்தத் தோல எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் மெதுவாக் கேட்டாரு.

"மாமா, ராட நடுவுல யாராச்சும் தூக்குனாங்களா?"

எனக்கென்ன தெரியும், உன்ற கடை, உன்ற தொட்டின்னேன்.

அவரு அந்தத் தோல எலையோரத்துல திருப்பி வெச்சாரு. அப்பறம் எலைய மடிச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. பாதிச் சோறு அப்படியே இருக்குது. கைகழுவிட்டு, பொம்பளைக பந்தியில இருந்த மேகலாவக் கூப்புட்டுக்கிட்டுப் போயிட்டாரு. போறப்ப, மாமா ராட அனுப்பி வெய்யிங்க, சரி பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. சொன்னாப்லயே மறுக்காப் போட்டு லாரியில அனுப்புனாரு. அது இன்னிக்கு வரைக்கும் உரியல. ஆனா கோடை திரும்பி வருமா?

அப்பறம் ரிக்குக்காரனுக ஒருத்தனும் அவருகிட்ட ராடு கொண்டு போகலியாம். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நான் போகாதீங்கன்னு சொன்னேனா? எலையில வெச்சது ஒண்ணுதான் நான் பண்ணுனது. அவனவனுக்கு அவனவன் வண்டி பெருசு. ஒருத்தன் வந்து எங்கிட்டயே சொல்றான், அண்ணா உங்களுக்கே இப்படிப் போட்டாருன்னா எங்களுக்கு எப்படிப் போடுவாருன்னு. நான் என்ன சொல்றது. ஆமாந்தான்னேன்.

ராசப்பன் சொல்லிட்டாருங்க. அந்த மனுசனுக்கு வாயி நிக்கல. மாப்பிள்ளைகிட்டச் சொல்லல, மேகலாகிட்டப் போயிச் சொல்லியிருக்கறாரு, அழுதுக்கிட்டே. கடையில வேலை கொறஞ்சு போச்சுல்ல, தன்னாலதான்னு மனசு கேக்கல போல. இவ அத அவ ஊட்டுக்காரருகிட்டச் சொல்லியிருக்கறா. தனக்கு முன்னயே தெரியும்னுருக்காரு. அந்தத் தோலப் பாத்தப்பவே ரெண்டு அடுக்காப் பிரிஞ்சு இருந்துச்சாம், அப்பவே தெரிஞ்சு போச்சாம். ராசப்பனுக்கு அவரா தூக்கற துணிச்சலு கெடையாது, வேற யாரு வந்திருப்பாங்கன்னு அதும் தெரிஞ்சு போச்சாம். அப்ப ஏனுங்க மண்டபத்துல சொல்லலேன்னு இவ கேட்டிருக்கறா. அத்தன பேரு முன்னால மாமாவ எப்படிச் சொல்றதுன்னாராம். இதெல்லாம் பின்னால மேகலாவே எங்கிட்டச் சொன்னது.

பாத்தீங்களா, இதான் அவரு வெசயம். சொல்லியிருந்தா அங்கயே ரெண்டுல ஒண்ணு முடிஞ்சிருக்கும். நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அவரும் பேசியிருப்பாரு, மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்புட்டிருப்போம். பேசாம இருந்து பேசாம இருந்து இத்தன தூரம் கொண்டாந்துட்டாரு.

ஆவணியில வளைகாப்புக்கு நாளு குறிச்சோம். தாயில்லாப் புள்ளைன்னு கொறை வரப்படாது பாருங்க. சீரு, தட்டு, வளையலு, ஏழு வகைச் சோறுன்னு சொந்தக்காரப் பொம்பளைகளக் கூட்டிக்கிட்டு வேனு எடுத்துட்டுப் போனேன். தலைப் பிரசவம் நம்மூட்டுல, அதானுங்க மொறை. மேல மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு, தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி வெச்சிருந்தேன். நானே ஏணி போட்டு மாட்டுனது. வளையலு போட்டு முடிச்சாங்க. கெளம்பலாம் கண்ணுன்னேன். மேகலா என்னயத் தனியாக் கூப்புட்டா. கடைப் பக்கம் கூட்டிட்டுப் போனா.

"அப்பா, நான் வர்றேன். நீங்க ரிக்குக்காரங்க நாலு பேரு முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, நாந்தான் தூக்கச் சொன்னேன்னு. சொல்லிட்டு வாங்க, அன்னிக்கே வர்றேன்."

நான் அசந்து போயிட்டேன். எம்பொண்ணு. அவ அம்மா ஒடம்பு முடியாமக் கெடந்தப்ப நான் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன பொண்ணு. அவ எனக்குக் கண்டிசன் போடறா. ஏன் கண்ணு, ஒரு நிமிசம் பாத்தது அவ்வளவு பெரிய குத்தமான்னேன். பாத்தது குத்தமில்லப்பா, அவரு எலையில வெச்சீங்களே, அதுதான்னா. சொல்லறதுக்கு எத்தன நாளு வேணும்னாலும் எடுத்துக்கங்க, நான் அவசரப்படுத்தலேன்னா. அந்த ஊட்டுல இருந்து இருந்து அவளுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கிச்சு பாருங்க.

நான் சொல்லலீங்க. எதுக்குச் சொல்லோணும்? ரிக்குக்காரனுக மத்தியில நாப்பது வருசமா தலை நிமிந்து நடந்தவன். பொங்கியண்ணன் மாப்பிள்ளை மேல பழியப் போட்டுட்டான்னு டீக்கடையில உக்காந்து சிரிக்கவா? அவ கொஞ்சம் பொறுத்திருக்கோணும். ஆறு மாசம் போனா எல்லாம் தானா மறந்து போயிருக்கும். அவளுக்குப் பொறுமை இல்லீங்க தம்பி. அதுதான் எனக்கு வேதனை. எங்கிருந்து வந்துச்சோ அந்த அவசரப் புத்தி.

வேனு வெறும் வேனாத் திரும்பி வந்துச்சு. மிச்சமான சோறு பூராவும் வழியில ஒரு எடத்துல நிறுத்தி மாட்டுக்குப் போட்டோம்.

ஐப்பசியில கொழந்தை. எனக்குத் தாக்கலு சொல்லி யாரும் ஆளு வுடலீங்க. எங்க டிரைவரு சொன்னான். அண்ணா, பேத்தியாமா, சக்கரை குடுக்கலியான்னான். எனக்கு அப்பத்தான் தெரியுது. தெரிஞ்சாப்லயே சிரிச்சு, கடையில போயி கிலோக் கணக்குல இனிப்பு வாங்கியாந்து குடுத்தேன். வாங்கித் தின்னவனெல்லாம் யாருமாதிரி இருக்குதுன்னு கேக்கறான். எங்க அம்மாளுமாதிரின்னு சொல்லி வெச்சேன். என்ன கண்டேன் நான்.

இப்ப மூணு மாசம் ஆகப்போகுது. மாடியில அந்தக் கொக்கி அப்படியேதான் தொங்குது. கழட்டிரலாம்னு ஏணிய எடுத்துட்டுப் போனேன் ஒரு நாளு. போயி மேல பாத்துக்கிட்டு நின்னுட்டு எறங்கி வந்துட்டேன்.

இல்ல, நீங்க சொல்றது சரிதான். சொல்லிட்டுப் போயிரலாம்தான். சொல்றதுக்கு ஒரு நிமிசம் ஆகுமா? ஆகாது. ஆனா வாயி வர மாட்டேங்குதுங்களே. ரெண்டுவாட்டி டீக்கடை வரைக்கும் போனேன். நாலு பேரு உக்காந்திருந்தானுக, ரிக்குக்காரனுகதான். அப்பா, ஒரு வெசயம்னு ஆரம்பிச்சேன். என்னுங்கண்ணான்னு நாலு பேரும் திரும்புனானுக. இந்த வருசம் மழை எப்படின்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

எடைமேடை ஸ்டாப்பிங்கு வந்துருச்சு போல. ராடப் பத்தரமாப் புடிங்க, இங்க எறங்கறப்ப எல்லாரும் நெட்டுவானுக. நீங்களும் இங்கதான? அப்பவே நெனச்சேன், குரோம் கடைன்னா இந்தத் தெருவுக்குள்ளதான் ரெண்டு மூணு இருக்குது. வாங்க, பாத்து எறங்குங்க. நானும் இங்கதான்.

எந்தக் கடைக்குப் போறீங்க? போன்லயா, காட்டுங்க. கண்ணாடி இல்லாமத் தெரியல, நீங்களே படிங்க.

மேகலா ஹார்டு குரோமா? அந்தப் பேருல இங்க கடை இல்லீங்களே. மூணாவது இரும்புக் கேட்டா? முன்னால வேப்பமரம், பின்னாலயே வீடு?

ஓ.

பேர மாத்திட்டாரு. பழைய பேரு கெட்டுப் போச்சுல்ல. ரிக்குக்காரனுக வர்றதில்ல, உங்களாட்ட புது ஆளுகளுக்குத்தான் போடறாரு போல. சரிதான். நான் அந்தத் தெருவுக்குள்ளயே போறதில்ல, எனக்கு யாரு சொல்லுவா.

பயப்படாதீங்க தம்பி. நான் பேசுனத வெச்சு வேற கடைக்குப் போயிராதீங்க. தைரியமாக் குடுங்க, நல்லாத்தான் போடுவாரு. எத்தன நாளுன்னு சொன்னாலும் சரின்னுருங்க.

நான் உள்ள வரலீங்க. இந்தா எதுத்தாப்ல பேக்கரி இருக்குதே, அங்கதான் உக்காருவேன். வாரம் ஒருக்கா வர்றதுதான். ஒரு டீயக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல போயிருவேன்.

தம்பி, சித்தெ நில்லுங்க. ஒரு சின்ன உபகாரம். ராடு குடுத்து அளவு சொல்லறப்ப வீட்டுக்குள்ள கொழந்தை சத்தம் கேக்கும். இல்லாட்டி எம்பொண்ணு தண்ணி கொண்டாந்து குடுப்பா, இடுப்புல வெச்சிருப்பா. சும்மா கேக்கறாப்ல கேளுங்க, பாப்பா பேரென்னுங்கன்னு. எம்பேரச் சொல்லிப்போடாதீங்க. பஸ்ஸுல பாத்தேன்னும் சொல்ல வேண்டாம். பேர மட்டும் கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க.

அங்க நேரமாகுமுங்க. ராட சுத்திச் சுத்திப் பாப்பாரு, அளவு எடுப்பாரு, யோசிப்பாரு. ஆகட்டும். நீங்க வர்ற வரைக்கும் நான் அந்த பெஞ்சுலயேதான் உக்காந்திருப்பேன்.